பழைய கணினியை மேம்படுத்திய பிறகு திரையும் மென்பொருளும் தகராறு செய்கிறதா? கோளாறு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டெஸ்க்டாப்பைத் தூக்கிப்போட மனம் வராமல், எஸ்எஸ்டி ஒன்று, கூடுதல் ரேம், சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 7 இருந்த இடத்தில் விண்டோஸ் 10 என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறோம். முடித்ததும் திரை கருப்பாக நிற்கும். அல்லது படம் வந்தும் எழுத்தெல்லாம் ஊதிப்போய்த் தெரியும். அல்லது எல்லாம் நன்றாக இருந்து, தினமும் வேலை பார்க்கும் ஒரே ஒரு மென்பொருள் மட்டும் திறக்காது. நான்கு பொருளை ஒன்றாக மாற்றியதால் எதைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் பெரும்பாலானவர்கள் உடனே ஃபார்மட் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், இதைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் மதர்போர்டு கம்பெனியின் லோகோ வரும், அப்புறம் விண்டோஸின் சுற்றும் புள்ளிகள், அப்புறம் கடவுச்சொல் கேட்கும் திரை, அப்புறம் டெஸ்க்டாப், கடைசியாக நீங்கள் திறக்கும் மென்பொருள். இதில் எந்தக் கட்டத்தில் கோளாறு தலைகாட்டுகிறது என்று சரியாகக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. லோகோ வரும் நேரத்தில் விண்டோஸ் இன்னும் ஏறவே இல்லை, அதனால் லோகோவே வராத கணினியில் விண்டோஸை எத்தனை தடவை போட்டாலும் பயனில்லை. அதேபோல லோகோ பளிச்சென்று வந்து அதன் பிறகு இருட்டானால் மானிட்டர், கேபிள் மேல் பழி போட வேண்டியதில்லை, பெரும்பாலும் டிரைவர்தான், அதாவது ஒரு பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்.

நான் இங்கே மனதில் வைத்திருப்பது நம் ஊரில் இன்னும் ஏராளமாக ஓடும் எச்61 போர்டு, அதில் ஐ3-2100, ஐ5-2400, ஐ5-3470 மாதிரியான இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசஸர். அதற்கும் மூத்த ஜி41 போர்டு, கோர் 2 டுவோ, பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு காரியம். புதிதாகப் போட்டதையெல்லாம் கழற்றி, பழையபடி வைத்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு தடவை முழுதாக பூட் ஆக விடுங்கள். நேரம் பிடிக்கும்தான். ஆனால் இதைவிட நம்பகமான சோதனை வேறு இல்லை, காசும் ஆகாது.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை

கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபினெட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டின் விஜிஏ துளையிலேயே செருகியிருக்கிறதா? பெரும்பாலான போர்டுகளில் கார்டு ஒன்று ஸ்லாட்டில் உட்கார்ந்ததும் போர்டிலேயே இருக்கும் டிஸ்பிளே தானாக அணைந்துவிடும். கேபிளைக் கார்டின் துளைக்கு மாற்றினால் போதும்.

அங்கேதான் அடுத்த சிக்கல் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருக்கும், புதிய கார்டில் விஜிஏ இருக்காது. ஜிடி 710, ஜிடி 730 கார்டுகள் பலவற்றில் விஜிஏ உண்டு. ஜிடி 1030 முதலான 10 வரிசை என்விடியா கார்டுகளிலிருந்து விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் சிக்னலே வெளியே வராது. அதில் இருக்கும் டிவிஐ துளை டிஜிட்டல் மட்டும் கொடுப்பது, ஆகவே கடையில் ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிவிஐ-விஜிஏ முனையைச் செருகினால் படம் வராது, செருகவும் முடியாது. உள்ளே சர்க்யூட் உள்ள எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர்தான் தேவை. இதைத் தெரியாமல் கார்டு பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய.

கேபிள் சரி, இன்னும் படம் இல்லை என்றால் மின்சாரம். கிராஃபிக்ஸ் ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளில் 6 பின் அல்லது 8 பின் துளை தனியாக இருக்கும், 6 பின் இன்னொரு 75 வாட்டும் 8 பின் 150 வாட்டும் கொடுக்க வேண்டும். அந்த வயரைச் செருகாமல் விட்டால் கார்டு எழாது. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) அந்த வயரே இல்லையென்றால், அது அந்தக் கார்டுக்காகச் செய்யப்பட்ட எஸ்எம்பிஎஸ் இல்லை என்றுதான் அர்த்தம். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கன்வெர்ட்டர் வயர் போட்டு ஓட்டலாம் என்று கடையில் சொல்வார்கள், பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், வயர் சூடாகி உருகுவதுவரை போகும். இந்த மாதிரி கணினிக்குத் தனி மின்வயர் கேட்காத சின்ன கார்டே போதும், ஜிடி 1030 வெறும் 30 வாட்தான்.

கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு டிஸ்பிளேயிலும் படம் வரவில்லை என்றால் ரேம் பக்கம் வாருங்கள். பீப் பீப் என்று விடாமல் கத்தினால் பெரும்பாலும் ரேம்தான், ஒரு நீள பீப்பும் இரண்டு குட்டை பீப்பும் என்றால் பல போர்டுகளில் டிஸ்பிளே. மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்திச் செருகுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டுப் பாருங்கள்.

புதிய ரேம் மட்டும் எடுக்கவில்லை என்றால் ரேம் கெட்டது என்று உடனே சொல்ல முடியாது. ஜி41 போர்டு பழைய வகை சிப்பைத்தான் படிக்கும், 4 ஜிபி ஸ்டிக்கில் இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் இருந்தால் ஓடும், ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் இருப்பது ஓடாது. அதே ஸ்டிக் எச்61-இல் அருமையாக ஓடும். இன்னொன்று, மலிவாகக் கிடைக்கும் சில டிடிஆர்3 ஸ்டிக்குகள் ஏஎம்டி போர்டுக்கு மட்டுமானவை, இன்டெல் போர்டில் அவை எழாது. வாங்கும்போதே உங்கள் போர்டின் பெயரைச் சொல்லி, ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

பிராசஸரை மாற்றியிருந்தால்? எச்61 போர்டு வந்த காலத்தில் மூன்றாம் தலைமுறை பிராசஸர் கிடையாது. ஆகவே ஐ3-2100-ஐ எடுத்துவிட்டு ஐ5-3470 போடுவதற்கு முன், பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் போர்டின் உள் நிரலை, புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் போட்டால் ஃபேன் சுற்றும், வேறொன்றும் நடக்காது. பழையதைத் திரும்பப் போட்டு, போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து சரியான பயாஸ் கோப்பை எடுத்து ஏற்றிவிட்டு மாற்றுங்கள். யுபிஎஸ் இல்லாமல் பயாஸில் கை வைக்க வேண்டாம், நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

கடைசியாக பயாஸ் அமைப்புகளை அழிப்பது. பவர் வயரைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். படம் வந்துவிட்டதா, நல்லது. ஆனால் இதைச் செய்த கையோடு அடுத்த பத்தியையும் படியுங்கள், ஏனென்றால் இது ஒரு கோளாறைத் தீர்த்து இன்னொன்றைக் கிளப்பிவிடும்.

லோகோ வருகிறது, பின்னாலேயே நீலத்திரை

நீலத்திரையில் இன்அக்சசிபிள் பூட் டிவைஸ் என்றோ, விண்டோஸ் 7 என்றால் கடைசியில் 7பி என்று முடியும் எண்ணோ தெரிந்தால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் கம்பெனி வைத்த தொடக்க அமைப்புகளுக்குத் திரும்பியிருக்கும், பல பழைய போர்டுகளில் அப்போது சாட்டா மோட், அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, ஐடிஇ என்று மாறிவிடும். உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐ மோடில் நிறுவப்பட்டிருந்தால் அதற்கு டிஸ்க்கே தெரியாது. பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ என்று மாற்றிச் சேமித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி பூட் ஆகும்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஐடிஇ மோடில் இருந்த விண்டோஸ் 10-ஐ எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்துவிட்டு, வேகத்துக்காக ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் அதே நீலத்திரை வரும். ஐடிஇ-க்கே திரும்பி விண்டோஸுக்குள் போய், அடுத்த பூட் சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறை) ஆகும்படி வைத்துவிட்டு, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒரு தடவை ஏறிவிட்டால் தேவையான டிரைவரை விண்டோஸே பிடித்துக்கொள்ளும். அப்புறம் சேஃப் மோடை எடுத்துவிடுங்கள்.

பூட் செய்ய எதுவுமே இல்லை என்று கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தால், எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டபோது பழைய ஹார்டு டிஸ்க்கும் இணைந்திருந்ததா என்று யோசியுங்கள். அப்படி இருந்தால் பூட் கோப்புகள் பழைய டிஸ்க்கிலேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம், அந்த டிஸ்க்கைக் கழற்றியதும் எஸ்எஸ்டி தனியாக எழாது. விண்டோஸ் போடும்போது எஸ்எஸ்டியை மட்டும் இணைத்து வைப்பதுதான் சரியான முறை.

புள்ளிகள் சுற்றுகின்றன, அதற்கப்புறம் கருப்பு

கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, படம்தான் வேறெங்கோ போகிறது. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்பிளே டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், ஒரு சின்ன பீப் கேட்கும், சில நேரம் படம் அப்போதே வந்துவிடும். விண்டோஸ் கீயும் பி-யும் (P) அழுத்தி, ஒன்றிரண்டு தடவை அம்புக்குறி நகர்த்தி எண்டர் தட்டிப் பாருங்கள். முன்பு இரண்டாவது திரையாக டிவி இணைத்திருந்த லேப்டாப்களில் படம் இல்லாத திரைக்கே அனுப்பிக்கொண்டிருப்பது சகஜம்.

மானிட்டரே அவுட் ஆஃப் ரேஞ்ச் என்றோ இன்புட் நாட் சப்போர்ட்டட் என்றோ எழுதிக் காட்டினால் அந்த மானிட்டரால் காட்ட முடியாத ரெசல்யூஷனைக் கணினி அனுப்புகிறது. பழைய மானிட்டரைக் கழற்றி வேறு மானிட்டரில் வைத்துக் குறைத்துவிட்டுத் திரும்பக் கொண்டு வரலாம். வேறு மானிட்டர் கைவசம் இல்லையென்றால் விண்டோஸின் ரிப்பேர் திரைக்குப் போக வேண்டும். புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்துச் செய்தால் அந்தத் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று உள்ளே போய் ரீஸ்டார்ட் கொடுங்கள். பட்டியலில் 3 அழுத்தினால் குறைந்த ரெசல்யூஷனில் திறக்கும், 4 அழுத்தினால் சேஃப் மோட்.

சேஃப் மோடில் படம் தெளிவாக வந்துவிட்டால் குற்றவாளி டிரைவர் என்பது உறுதி. பழைய கார்டின் டிரைவர் மிச்சத்தோடு புதிய கார்டின் டிரைவர் மோதுவது இந்த மாதிரி மேம்படுத்தல்களில் அடிக்கடி நடக்கும், முக்கியமாக ஏஎம்டி கார்டிலிருந்து என்விடியாவுக்கு மாறியவர்களுக்கு. டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளை வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வந்து, நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவர்களைத் துடைத்தெடுங்கள். நெட்டைத் துண்டிக்கச் சொல்வது ஏனென்றால், இல்லாவிட்டால் நீங்கள் சரியான டிரைவரைப் போடுவதற்குள் விண்டோஸ் அப்டேட் முந்திக்கொண்டு தனக்குத் தோன்றியதைப் போட்டுவிடும்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் நன்றாக வருகிறது, ஷட்டவுன் செய்து மறுநாள் போட்டால்தான் கருப்பு என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்நிலையை டிஸ்க்கில் சேமித்து வைத்து மறுநாள் அதையே ஏற்றுகிறது, பழைய டிரைவர்கள் பல அப்படித் திரும்பி எழத் தெரியாதவை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் அந்த டிக் இருக்கிறது. எஸ்எஸ்டி போட்ட கணினிக்கு அது இல்லாமல் போனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

டெஸ்க்டாப் வந்தது, ஆனால் எல்லாம் ஊதிப்போய் மங்கலாகத் தெரிகிறது

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால் உங்கள் கார்டுக்கான டிரைவர் இன்னும் வரவில்லை. ரெசல்யூஷனை மாற்ற முடியாது, லேப்டாப்பில் வெளிச்சத்தைக் குறைக்க முடியாது, இரண்டாவது திரை வேலை செய்யாது, வீடியோ திணறும், எல்லாவற்றுக்கும் இதுவே காரணம்.

முதலில் விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்துக்குப் போய் டிரைவர் காத்திருக்கிறதா பாருங்கள். அங்கே இல்லையென்றால் அதே டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போங்கள். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. யாருடையது என்று தெரிந்த பிறகு அந்தக் கம்பெனியின் தளத்துக்கு நேரடியாகப் போங்கள். டிரைவரைத் தானாகத் தேடித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம், டிரைவரோடு வேண்டாத பலதும் சேர்ந்து வரும்.

இங்கே எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்வது முக்கியம். 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை பிராசஸர்களின் எச்டி 2000, எச்டி 3000 கிராஃபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 10 டிரைவரே வெளியிடவில்லை. விண்டோஸ் அப்டேட் வழியாக வரும் பழைய டிரைவரால்தான் அவை ஓடுகின்றன, அன்றாட வேலைக்கு அது போதும். இன்டெல் தளத்தில் புதியதைத் தேடி நாளைக் கழிக்காதீர்கள். என்விடியாவின் பழைய சிப் தலைமுறைகளில் ஃபெர்மி வகை கார்டுகளுக்குக் கடைசி டிரைவர் 2018 மார்ச்சில் வந்த 391.35, கெப்ளர் வகைக்கு 470 வரிசையோடு முடிந்தது. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்றிருக்கிறார்கள் என்பதால் பெட்டியைப் பார்த்து முடிவெடுக்காமல் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளில் பாருங்கள், ஜிஎஃப்108 என்றால் ஃபெர்மி, ஜிகே208 என்றால் கெப்ளர். ரேடியான் எச்டி 5000, 6000 வரிசைகளை ஏஎம்டி 2015-லேயே கைகழுவிவிட்டது.

டிரைவர் சரியாக இருக்கிறது, ஆனாலும் 1024க்கு 768-க்கு மேல் போக மறுக்கிறது என்றால் அதே டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் என்பதைப் பாருங்கள். ஜெனெரிக் நான்-பிஎன்பி மானிட்டர் என்று காட்டினால் மானிட்டர் தன் விவரத்தைக் கணினிக்குச் சொல்ல முடியவில்லை. விஜிஏ கேபிளில் அதற்கென்றே பின்கள் உண்டு, மலிவான கேபிளில் அவை இருக்காது அல்லது கழற்றி மாட்டியதில் வளைந்திருக்கும். நல்ல கேபிள் ஒன்றைப் போட்டாலே மானிட்டருக்கு உரிய ரெசல்யூஷன் தானாக வரும். படம் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் மானிட்டரில் உள்ள ஆட்டோ பட்டனை அழுத்துங்கள், அவ்வளவுதான்.

டிவியை மானிட்டராக வைத்திருந்து டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டால் கணினியில் தேடாதீர்கள். டிவி ரிமோட்டில் பிக்சர் அளவு என்ற இடத்தில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், 1:1 என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும்.

வேலை பார்க்கும்போது திரை ஒரு நொடி அணைந்து திரும்புகிறது

கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை நிறுத்தித் திரும்பத் தொடங்கும், அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணோடு பதிவு இருந்தால் இதுவேதான். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்திருந்தால் டிரைவரை ரோல் பேக் செய்து முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள். விளையாடும்போது மட்டும் வந்தால் சூடு அல்லது எஸ்எம்பிஎஸ். கார்டின் ஃபேனில் படிந்த தூசியை எடுத்து, பிராசஸருக்குப் புதிதாக தெர்மல் பேஸ்ட் வைப்பது பத்து வருடக் கணினிக்கு எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பிறகும் வந்தால் வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிச் சோதியுங்கள், கார்டை மாற்ற முடிவெடுப்பது அதற்கப்புறம்.

குரோமில் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறினால் அதன் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். யூடியூப் மட்டும் திணறினால் காரணம் வேறு, யூடியூப் அனுப்பும் புதிய வடிவ வீடியோவைப் பிரிக்கும் வசதி அந்தக் காலத்து கிராஃபிக்ஸில் கிடையாது, முழுச் சுமையும் பிராசஸர் மேல் விழுகிறது. எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன, ஒன்றைப் போட்டால் பழைய கணினியிலும் வீடியோ சரளமாக ஓடும்.

8 ஜிபி போட்டும் 3 ஜிபிதான் காட்டுகிறது

32 பிட் விண்டோஸ். அதனால் 4 ஜிபிக்கு மேல் எட்ட முடியாது. 64 பிட் போட வேண்டும், அதற்கு அப்கிரேட் வழி கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அப்படி மாறுவதற்கு முன் கீழே உள்ளதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள், ஏனென்றால் மென்பொருள் தொல்லைகளில் பாதி இந்த மாற்றத்திலிருந்துதான் வருகிறது.

மென்பொருள் திறக்க மறுக்கிறது

இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது என்று விண்டோஸ் சொன்னால் அது பெரும்பாலும் 16 பிட் காலத்து மென்பொருள். டாஸில் எழுதிய ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங், பழைய சம்பளப் பட்டியல் நிரல் எல்லாம் இந்த வகை. 64 பிட் விண்டோஸில் இவை எந்த கம்பாட்டிபிலிட்டி டிக்குக்கும் அசையாது. பழைய டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மாதிரியான மென்பொருளுக்குள் வைத்து ஓட்டலாம். கடையின் முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது என்றால் அந்த வேலைக்கு மட்டும் பழைய 32 பிட் கணினி ஒன்றை நெட் இணைப்பில்லாமல் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஏதோ டிஎல்எல் (மென்பொருளுக்கு வேண்டிய துணைக் கோப்பு) இல்லை என்று வந்தால் அந்த டிஎல்எல்லின் பெயரைத் தேடி எங்கிருந்தோ இறக்காதீர்கள். விசிரன்டைம் என்று தொடங்கினால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருக்கிறது, 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள், பழைய மென்பொருளுக்கு எக்ஸ்86-தான் வேண்டும். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கினால் 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் தொகுப்பு. டாட்நெட் 3.5 கேட்டால் கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிக் போட்டாலே விண்டோஸ் இறக்கிக்கொள்ளும்.

ஓப்பன்ஜிஎல் 3.3 வேண்டும், டைரக்ட்எக்ஸ் 12 வேண்டும் என்று, அதாவது படம் வரையும் புதிய வசதிகளை, கேட்டால் விண்டோஸில் அதற்கு வழி இல்லை. எச்டி 3000 விண்டோஸில் ஓப்பன்ஜிஎல் 3.1 வரையும் டைரக்ட்எக்ஸ் 10.1 வரையும்தான் போகும். அந்த மென்பொருளின் பழைய பதிப்பு அல்லது கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டில் ஒன்று.

தமிழ் எழுத்துகள் மாறிப்போய்விட்டன

இது நம் ஆட்களுக்கே வரும் கோளாறு, சர்வீஸ் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் ஃபார்மட் என்ற பதில்தான் கிடைக்கும். மூன்று வகையாக வரும்.

விண்டோஸ் 7-இல் லதா எழுத்துருவில் தட்டச்சு செய்து அழகாகப் பக்கம் கட்டிய கோப்பு விண்டோஸ் 10-இல் வேறு மாதிரி தெரிகிறது, 40 பக்கம் 46 ஆகிவிட்டது. காரணம், விண்டோஸ் 10-இல் லதாவும் விஜயாவும் இயல்பாக நிறுவப்படுவதில்லை, அவற்றுக்குப் பதில் நிர்மலா யுஐ வந்து உட்கார்ந்துகொள்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ், ஆட் எ ஃபீச்சர் என்று போய் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். கோப்பை அதற்கு முன் திருத்திச் சேமித்துவிடாதீர்கள்.

பாமினி, வானவில் மாதிரி யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களை நிறுவியும் பேஜ்மேக்கரிலோ பழைய கோரல்டிராவிலோ பட்டியலில் வரவில்லை, ஆனால் வேர்டில் வருகிறது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து எழுத்துருவில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் என்றால் உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும்தான் நிறுவும், பழைய மென்பொருள்கள் அந்த இடத்தில் தேடுவதே இல்லை. அந்த எழுத்துருக்களை நீக்கிவிட்டு, இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப நிறுவுங்கள். அச்சகங்களில் கணினி மாற்றிய வாரத்தில் வேலை நின்றுபோவதற்கு இந்த ஒரு வரி தெரியாததே காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எழுத்துரு இருக்கிறது, ஆனால் சில எழுத்துகள் மட்டும் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வருகின்றன. ரீஜன் அமைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் தாவலில் சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல் என்பதைத் திறங்கள். யுடிஎஃப்-8 பீட்டா என்ற டிக் இருந்தால் எடுத்துவிட்டு, மொழியை ஆங்கிலமாக வைத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். தமிழை நேசிப்பவர்கள் எல்லாவற்றையும் தமிழாக மாற்றும் உற்சாகத்தில் இங்கேயும் கை வைத்துவிடுவார்கள், பழைய எட்டு பிட் எழுத்துருக்கள் ஆங்கிலக் குறியீட்டின் மேல் ஏறி நிற்பவை, அடியில் இருப்பதை மாற்றினால் அவை சரிந்துவிடும்.

டாங்கிள் (லைசென்ஸுக்கான சாவி போன்ற சின்னக் கருவி) செருகி ஓடும் எழுத்துருத் தொகுப்பு வைத்திருப்பவர்கள் 64 பிட்டுக்குப் போவதற்கு முன்பே கம்பெனியிடம் 64 பிட் டிரைவர் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்றாது. டாங்கிள் பழைய பிரின்டர் துளையில் செருகும் வகை என்றால், யுஎஸ்பியிலிருந்து அந்தத் துளைக்கு மாற்றும் கேபிள் உதவாது, அது பிரின்டருக்கு மட்டும் வேலை செய்யும்.

இன்னும் சில சில்லறைத் தொல்லைகள்

வலைத்தளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவை என்று வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள், தேதி பல வருடம் பின்னால் இருக்கும். சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். ரேம், எஸ்எஸ்டி, கார்டு போட்டதற்கெல்லாம் விண்டோஸ் ஆக்டிவேஷன் பொதுவாகப் போகாது, மதர்போர்டை மாற்றினால் போகும், அதனால் போர்டை மாற்றுவதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து லைசென்ஸை இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஃபார்மட்டுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்துவிட வேண்டும், டேட்டா ஃபோல்டரைத் தனியாகப் பென்டிரைவில் எடுத்து வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகே டிஸ்க்கில் கை வைக்க வேண்டும்.

விண்டோஸ் 11 போட்டேன், லோகோவிலேயே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது

கோர் 2 டுவோவாக இருந்தால் இது சரிசெய்யக்கூடிய கோளாறு இல்லை. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11-க்குத் தேவைப்படும் சில கட்டளைகள் அந்த பிராசஸரிலேயே கிடையாது. இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் சோதனைகளைத் தாண்டி ஏற்ற வழிகள் இருக்கின்றன, ஓடவும் ஓடும், ஆனால் மைக்ரோசாஃப்ட் கேட்பது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். கிராஃபிக்ஸ் டிரைவர் விண்டோஸ் 10-க்கே இரவல் என்ற நிலையில் இருக்கும் கணினிக்கு அது தேவையில்லாத தலைவலி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதற்கப்புறமும் இந்த இயந்திரத்தில் நெட் பார்க்க வேண்டும் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் போட்டு, நிறுவாமலேயே பூட் செய்து பாருங்கள். எச்டி 2000, 3000 கிராஃபிக்ஸுக்கு வேண்டிய டிரைவர் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, தனியாக எதையும் தேடாமல் சரியான ரெசல்யூஷனில் படம் வரும்.